சிமென்ட், கம்பி காசை யார் கையில் கொடுப்பது? கான்ட்ராக்டரிடம் கைகுலுக்கும் முன் பேச வேண்டிய விஷயம்

"சார், நாளைக்கு ஒரு அஞ்சு லட்சம் போட்டு விட்டீங்கன்னா கம்பி, சிமென்ட் எல்லாம் இறக்கிடலாம். அடுத்த வாரம் விலை ஏறப் போகுதுன்னு சொல்றாங்க."

சொந்த மனையில் வீடு கட்டுகிற பலருடைய வாட்ஸ்அப்பிலும் கடகால் தோண்டிய கையோடு இப்படி ஒரு வாய்ஸ் நோட் வந்து விழும். அனுப்புகிறவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. கம்பி விலை உண்மையிலேயே ஏறலாம். ஆனால் அந்த ஐந்து லட்சம் யாருடைய கணக்கில் போய் விழும், பில் யார் பெயரில் வரும், லோடு எந்த சைட்டில் இறங்கும் என்ற மூன்று கேள்விக்கும் அந்த வாய்ஸ் நோட்டில் பதில் இருக்காது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் இருக்காது.

பாதியில் நிற்கும் வீடுகளின் கதையைக் கேட்டுப் பார்த்தால், சுவரில் விரிசல் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பணத்தில் விரிசல் விழுந்திருக்கும். ஒரு பக்கம் வங்கிக்கு வட்டி, இன்னொரு பக்கம் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, நடுவில் ரூஃப் போடாத நான்கு சுவர். முப்பது வயதில் முதல் ஹோம் லோன் எடுத்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

இரண்டு முறை, சொல்லப்படாத மூன்றாவது முறை

தமிழ்நாட்டில் தனி வீடு கட்ட ஆள் பிடிக்கும்போது முதலில் வரும் கேள்வி, "லேபரா, மெட்டீரியலோடயா?" என்பதுதான். லேபர் கான்ட்ராக்ட் என்றால் சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், ஜல்லி, செங்கல் எல்லாம் வீட்டுக்காரர் வாங்கிப் போட வேண்டும். மேஸ்திரி ஆட்களை மட்டும் கொண்டு வருவார். மெட்டீரியல் கான்ட்ராக்ட் என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு ரேட். பொருள், கூலி இரண்டும் அதில் அடக்கம். சாவியைக் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்பது வாக்குறுதி.

காகிதத்தில் இவ்வளவுதான். நடைமுறையில் அதிகம் ஓடுவது மூன்றாவது ஒன்று. பேச்சு மெட்டீரியல் கான்ட்ராக்ட் என்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை பொருள் வாங்கும்போதும் காசு முன்கூட்டியே வீட்டுக்காரரிடமிருந்து வர வேண்டும். பொருளுக்கான பணம் வீட்டுக்காரருடையது. கடையைத் தேர்ந்தெடுப்பது கான்ட்ராக்டர். பில் அவரிடம். விலை ஏறினால் வீட்டுக்காரரிடம் கேட்பார்; இறங்கினால் அந்தப் பேச்சே வராது. ரிஸ்க் முழுக்க ஒருவரிடமும் கட்டுப்பாடு முழுக்க இன்னொருவரிடமும் இருக்கும் இந்தக் கலவைதான் மூன்றிலும் மோசமானது. ஆச்சரியம் என்னவென்றால், இதைத்தான் மக்கள் "டென்ஷன் இல்லாத" முறை என்று நம்பிப் போகிறார்கள்.

அந்த அஞ்சு லட்சத்துக்கு ஒரு கணக்கு

1,000 சதுர அடியில் ஒரு மாடி இல்லாத வீடு என்று வைத்துக்கொண்டால், இன்ஜினியர்கள் சொல்லும் தோராயக் கணக்கு சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், ஏறக்குறைய 4 கிலோ கம்பி. அதாவது மொத்த வீட்டுக்கும் சுமார் 400 மூட்டை, 4 டன். மண்ணையும் டிசைனையும் பொறுத்து இது கூடும், குறையும். ஒரு உதாரணத்துக்கு மூட்டை 350 ரூபாய், கம்பி கிலோ 65 ரூபாய் என்று போட்டால் சிமென்ட் 1.4 லட்சம், கம்பி 2.6 லட்சம். கூட்டினால் 4 லட்சம்.

ஆக, கடகால் தோண்டிய அன்று கேட்கப்படும் ஐந்து லட்சம் என்பது, ரூஃப், பூச்சு வேலை வரை மொத்த வீட்டுக்கும் தேவையான கம்பி, சிமென்ட்டைவிட அதிகம்! அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது அதில் ஒரு பகுதிதான். மீதியை வாங்கி வைக்கலாமே என்றால், சிமென்ட்டை அப்படி வைக்க முடியாது. ஈரம் பட்டால் கட்டி தட்டும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தால் பலம் குறையும். கம்பியை வைக்கலாம், ஆனால் திறந்த மனையில் துருவும் பிடிக்கும், கை வைக்கவும் ஆள் உண்டு.

அப்படியென்றால் மீதிப் பணம் எங்கே போகிறது? சிறிய கான்ட்ராக்டர்கள் பலர் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு சைட் ஓட்டுகிறார்கள். இந்த வீட்டு அட்வான்ஸில் முந்தின வீட்டு ரூஃப் முடியும். அடுத்த வீட்டு அட்வான்ஸில் இந்த வீட்டுக் கதவு வரும். புது சைட் வந்துகொண்டே இருக்கும் வரை யாருக்கும் பிரச்சினை தெரியாது. ஒரு சீசன் வேலை வராமல் போனால், கடைசியாகப் பணம் போட்டவர் வீடு நிற்கும். இதில் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை. பலர் கணக்கு எழுதாமலேயே தொழில் செய்கிறவர்கள். எந்தக் காசு எந்த வீட்டுக்கு என்பது அவர்களுக்கே குழம்பிவிடுகிறது. ஆனால் வீட்டுக்காரருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையே.

லேபர் கான்ட்ராக்ட் நிஜமாகவே மலிவா?

"நாமே வாங்கிப் போட்டா மிச்சம் பண்ணலாம்" என்பது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் கிடைக்கும் முதல் அறிவுரை. பாதி உண்மை.

வரியில் ஒரு சாதகம் இருக்கிறது. அடுக்குமாடி வளாகத்தின் பகுதியாக இல்லாத ஒற்றை வீட்டைப் புதிதாகக் கட்டும் வேலையை முழுக்க கூலி ஒப்பந்தமாகக் கொடுத்தால், அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பொருளோடு சேர்த்து எடுத்தால் அது 'ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்' ஆகிவிடும். வீட்டுக்காரருக்கு வரும் பில்லில் 18 சதவீதம். பதிவு செய்த கான்ட்ராக்டர், பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் அந்த 18-ம் அப்படியே கூடுதல் செலவு அல்ல. ஆனால் ரேட் பேசும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்காதவர்களுக்குக் கடைசி பில்லில் அதிர்ச்சி காத்திருக்கும். 'பில் இல்லாம முடிச்சுக்கலாம் சார்' என்பது வரியை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை, நாளைக்கு வழக்கு என்று போனால் காட்ட வேண்டிய ஆதாரத்தையும் சேர்த்தே மிச்சப்படுத்திவிடுகிறது.

மலிவு என்ற வாதத்தின் இன்னொரு பாதியைப் பார்க்கலாம். ஊரில் நாலு சைட் ஓட்டும் கான்ட்ராக்டருக்கு ஹார்டுவேர் கடையில் கடன் கிடைக்கும், விலையிலும் குறைப்பார்கள். வாழ்க்கையில் ஒரே முறை வீடு கட்டும் ஆளுக்கு அது கிடைக்காது. கட்டுக்கம்பி தீர்ந்தது, ஆணி தீர்ந்தது என்று தினமும் போன் வரும். பெங்களூரிலோ ஓஎம்ஆரிலோ வேலை பார்க்கிறவர் மீட்டிங்கில் இருந்துகொண்டு ஒரு லோடு ஜல்லியை விரட்ட முடியாது. அதனால் சைட்டில் நிற்பது யார்? ரிட்டயர்டு ஆன அப்பா. காலை எட்டு மணிக்கு தொப்பி போட்டுக்கொண்டு போய், மூட்டை எண்ணி, தண்ணீர் பிடித்து, சுவர் நனைத்து, இரவு நோட்டில் கணக்கு எழுதுவார். லேபர் கான்ட்ராக்டில் 'மிச்சமான' தொகையில் கணிசமான பங்கு, சம்பளம் கொடுக்கப்படாத அவருடைய உழைப்புதான். அதை யாரும் எஸ்டிமேட்டில் போடுவதில்லை.

பொருள் விஷயத்தில் இரண்டு முறைக்கும் தனித்தனி ஆசை இருக்கிறது. பொருள் வீட்டுக்காரருடையது என்றால், கலவை வீணானாலும் மேஸ்திரிக்கு நஷ்டமில்லை. அறுத்த கம்பித் துண்டு குவிந்து கிடக்கும். வெறும் சாக்கு எத்தனை, உள்ளே போன மூட்டை எத்தனை என்று எண்ண வேண்டிவரும். பொருள் கான்ட்ராக்டருடையது என்றால், சிக்கனம் வேறு பக்கம் போகும். ஆறு அங்குல இடைவெளியில் வர வேண்டிய கம்பி எட்டு அங்குலத்தில் வரும். பூச்சுக் கலவையில் சிமென்ட் கையளவு குறையும். முதல் வகை நஷ்டம் உடனே கண்ணில் படும், பணத்தோடு போய்விடும். இரண்டாவது, கான்கிரீட்டுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எதை ஏற்கலாம் என்று கேட்டால், கண்ணில் படும் நஷ்டமே மேல்.

வங்கி வேலை முடிந்த பிறகு தரும், மேஸ்திரி முன்னால் கேட்பார்

வீடு கட்டும் கடனை வங்கிகள் மொத்தமாகத் தருவதில்லை. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று கட்டம் கட்டமாக, வேலை நடந்திருப்பதைப் பார்த்த பிறகே விடுவிக்கின்றன. அதற்கும் முன்னால் வாங்குபவரின் சொந்தப் பங்கு உள்ளே போயிருக்க வேண்டும் என்பது வழக்கம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் தரலாம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு.

வங்கி 'முடித்துக் காட்டு, தருகிறேன்' என்கிறது. கான்ட்ராக்டர் 'கொடுங்க, முடிக்கிறேன்' என்கிறார். நடுவில் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது என்பதுதான் 'பொருளுக்கு யார் காசு போடுவது' என்ற கேள்வியின் உண்மையான முகம். கான்ட்ராக்டருக்குச் சொந்த முதல் இல்லை. கடைக்காரர் ஒரு அளவுக்குத்தான் கடன் தருவார். வீட்டுக்காரர் கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன், அம்மாவின் நகை என்று இறங்குகிறார். இந்தப் பள்ளம் எவ்வளவு பெரியது என்று வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. ரூஃப் கட்டத்தில்தான் அது அகலமாகும். கம்பி, சென்ட்ரிங், கான்கிரீட் எல்லாம் ஒரே மூச்சில் செலவாகும். வங்கிப் பணம் அதற்குப் பிறகுதான் வரும்.

கடைக்கு நேராகக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

ஒரு கஷ்டமும் இல்லை. வாய்ஸ் நோட்டுக்குப் பதிலாக, "கடை பேரும் ஜிஎஸ்டி நம்பரும் அனுப்புங்கண்ணே, நேரா கடைக்கே போட்டு விடறேன், பில் எங்க பேர்ல போடச் சொல்லுங்க" என்று அனுப்பினால் போதும். ஒப்பந்தம் மெட்டீரியலோடு என்றாலும் இதைச் செய்யலாம். அந்தத் தொகையை அந்தக் கட்டத்துக்கான தவணையில் கழித்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. ஜிஎஸ்டி பில் போடும் கான்ட்ராக்டர் என்றால் அவர் பெயரில்தான் பில் தேவைப்படும். அப்போது டெலிவரி முகவரியாவது வீட்டுக்காரரின் மனையாக இருக்க வேண்டும், ஒரு காப்பி கைக்கு வர வேண்டும்.

இதை எல்லாப் பொருளுக்கும் செய்யத் தேவையில்லை. ஆணி, கட்டுக்கம்பி, சென்ட்ரிங் எண்ணெய் போன்றவற்றுக்கு தினம் தினம் ஜிபே அனுப்பிக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். சிமென்ட், கம்பி, மணல், ஜல்லி, செங்கல், அப்புறம் ஒயர், பைப், டைல்ஸ் ஆகிய பெரிய தொகைகள் மட்டும் கடைக்கு நேராகப் போனால் போதும். கம்பி லோடு வந்தால் எடை மேடைச் சீட்டைக் கேட்கலாம். 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்று, 12 மீட்டர் நீளத்தில், ஏறக்குறைய 10.65 கிலோ இருக்கும். எண்ணிப் பெருக்கினால் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். சாரம், சென்ட்ரிங் பலகை, மிக்ஸர் வாடகை, தண்ணீர் லாரி, தற்காலிக மின் இணைப்பு ஆகியவை யார் தலையில் என்பதை எழுதிவிட வேண்டும். பெரிய தொகையில் வராத சண்டை இங்கேதான் வரும்.

இதில் கான்ட்ராக்டர் பக்கம் ஒரு நியாயமான மனக்குறை உண்டு. பொருளில் கிடைக்கும் சின்ன லாபமும் போய்விட்டால், ஆறு மாதம் வெயிலில் நின்று வேலை பார்த்து வாங்குவதற்கு அவருக்கு என்ன மிச்சம்? உண்மையைச் சொன்னால், நிறைய வீட்டுக்காரர்கள் மெட்டீரியல் கான்ட்ராக்டரின் பொறுப்பை லேபர் கான்ட்ராக்டரின் ரேட்டுக்கு எதிர்பார்க்கிறார்கள். கடையைப் பேசுவது, லோடு வரவழைப்பது, சரிபார்ப்பது எல்லாம் வேலைதான். அதற்கு ஒரு மேற்பார்வைத் தொகையை வெளிப்படையாகவே பேசிக் கொடுப்பது, பில்லுக்குள் ஒளித்து எடுத்துக்கொள்ள விடுவதைவிட இருவருக்கும் நல்லது.

இன்னொன்று, சனிக்கிழமை. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர் எல்லோருக்கும் வாரக் கூலி அன்றைக்குத்தான். பொருள் பணத்தைக் கடைக்கு மாற்றிவிட்ட வீட்டுக்காரர், கூலிப் பணத்தைத் திங்கள்கிழமைக்குத் தள்ளினால் மேஸ்திரி எங்கேயாவது வட்டிக்கு வாங்கித்தான் கொடுப்பார். லேபர் கான்ட்ராக்டில் மணல் லோடு வராமல் ஆறு பேர் ஒருநாள் சும்மா உட்கார்ந்தால் அந்தக் கூலி யாருடையது என்பதும் எழுதப்பட வேண்டிய விஷயம். பொருள் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு என்றால், அந்த நாள் கூலியும் அவர் பொறுப்புதான். இதை ஒத்துக்கொள்ள மனசு வராதவர்கள் லேபர் கான்ட்ராக்ட் பக்கமே போகக் கூடாது.

விலை ஏறினால் சரி, இறங்கினால்?

'இந்த ரேட்டில் முடித்துத் தருகிறேன்' என்று சொன்னவர் ஆறாவது மாதம் வந்து, 'விலை ஏறிடுச்சு சார், கட்டுப்படியாகல' என்பது புதிதல்ல. 2025 ஏப்ரலில் கல்குவாரி, கிரஷர் வேலைநிறுத்தத்தால் எம்-சாண்ட் கிடைக்காமலும் விலை ஏறியும் பல சைட்டுகள் திணறின. நஷ்டத்தில் வேலை செய்யச் சொல்லி ஒருவரைக் கட்டாயப்படுத்தினால் அது தரத்தில்தான் வெளிவரும்.

ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் சிமென்ட் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 300 ரூபாய் உள்ள ஒரு மூட்டை, வரியோடு 384 ரூபாயிலிருந்து 354 ஆக வேண்டும். 400 மூட்டைக்கு 12,000 ரூபாய். அந்த வாரம் எத்தனை கான்ட்ராக்டர்கள் போன் செய்து 'சார், ரேட் குறைச்சுக்கலாம்' என்று சொன்னார்கள்?

கையெழுத்துப் போடும் தேதியில் சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் விலை என்ன என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்வது என்று போட்டால் இந்தப் பேச்சு வராது. 'ஐஎஸ்ஐ கம்பி', 'நல்ல சிமென்ட்' என்றெல்லாம் எழுதுவது எழுதாததற்குச் சமம். பிராண்ட், கிரேடு குறிப்பிட வேண்டும். பிராண்டுக்குப் பிறகு 'அல்லது அதற்கு இணையானது' என்று ஒரு வால் இருந்தால், இணையா இல்லையா என்று முடிவு செய்வது யார் என்பதும் சேர வேண்டும். டைல்ஸ் சதுர அடி 50 ரூபாய் வரை என்று ஒப்பந்தம் இருக்க, ஷோரூமில் 85 ரூபாய் டைல்ஸைக் காதலித்துவிட்டு கான்ட்ராக்டரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அந்த 35 வீட்டுக்காரருடையது.

சட்டம் எங்கே நிற்கும்?

இந்த இடத்தில் ரெரா உதவாது. அது மனைப்பிரிவு, அடுக்குமாடி போடும் புரமோட்டர்களுக்கானது. சொந்த மனையில் ஒருவர் அமர்த்தும் கான்ட்ராக்டர் அதற்குள் வரமாட்டார். காவல் நிலையத்துக்குப் போனால் 'இது சிவில் மேட்டர்' என்று சொல்லி அனுப்புவதே வழக்கம். மோசடி என்று நிரூபிக்க, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பாதி வீடு கட்டியிருப்பவரிடம் அதைக் காட்டுவது கஷ்டம்.

நடைமுறையில் உதவுவது நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை' என்பதன் விளக்கத்திலேயே வீடு கட்டுதல் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இழுத்துப் பேசியே அந்த இரண்டு வருடத்தைக் கழித்துவிடுகிறவர்கள் உண்டு. ஆணையம் கேட்பது ஒப்பந்தம், பில், பணம் போன வழி. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு தனிநபர் பெயருக்கு 'ரூ.2,00,000' என்று பத்து வரி இருந்தால், அதில் எது கம்பிக்கு, எது கூலிக்கு, எது கைமாற்று என்று எதிர்த்தரப்பு கேட்கும். பணம் அனுப்பும்போது குறிப்பில் 'ரூஃப் கம்பி', 'லிண்டல் வரை கூலி' என்று இரண்டு வார்த்தை டைப் செய்ய ஐந்து நொடி ஆகும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில், "அண்ணே, இன்னைக்குக் கொடுத்த 40,000 பேஸ்மென்ட் கூலிக்கு, சரியா?" என்று ஒரு மெசேஜ் அனுப்பி, அவர் "சரி சார்" என்று போட்டால் அதுவும் ஒரு ரசீதுதான்.